எண்ணெய் டின்னுக்கு அடியில் இருந்த மலை

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் முழுப் பரீட்சை எழுதவில்லை. ஆனால் ராஜபாளையத்திலிருந்து வத்திராயிருப்பு வரைக்கும் மலையடியில் உள்ள தோப்புகளில் பாதிக்குக் குழாய் பதித்தவன் நான். மீதிப் பாதியில் பதித்தவர்கள் என்னிடம் வேலை பார்த்துவிட்டுப் போனவர்கள், இல்லையென்றால் நான் பதித்ததைத் தோண்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஒரு சைக்கிளும் ஒற்றை பைப் ரெஞ்சுமாக ஆரம்பித்தவன் நான். யாரும் தூக்கிவிடவில்லை.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்கிற சரிவை எங்கள் தொழிலில் வாட்டம் என்போம். மொட்டைமாடியில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்துத்தான் மற்றவர்கள் வாட்டம் சொல்வார்கள். நான் படியேறி நின்றதும் சொல்லிவிடுவேன். கொத்தனார்கள் நம்பாமல் தண்ணீரை ஊற்றுவார்கள். நான் கை காட்டிய மூலைக்கே ஓடும். "அண்ணாச்சிக்குக் கண்ணுக்குள்ள ரசமட்டம் இருக்கு" என்று பேசிக்கொள்வார்கள். அதை அவர்களைவிட நான் அதிகமாக நம்பினேன். எண்பதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம் வரைக்கும் நம்பினேன்.

மம்சாபுரத்துக்கு மேற்கே, மலையடியில், ஓர் அம்மா மாந்தோப்பு போட்டிருந்தார். ராஜபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, வேலையாட்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். கணவர் போன பிறகு டவுனில் இருந்த வீட்டுப் பங்கை மைத்துனர்களுக்கு விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாக யாரும் விரும்பாத இந்த நிலத்தை வாங்கிக்கொண்டவர். அதில் இருநூற்றுச் சொச்சம் ஒட்டு மாங்கன்றுகள் நட்டிருந்தார். அவருக்கென்று இருந்தது அவ்வளவுதான். கன்றுகளுக்கு இரண்டாவது கோடை. தோப்புக் கிணறு மாசியிலேயே வற்றிவிட்டது.

தோப்புக்கு மேற்கே முக்கால் கிலோமீட்டர் தள்ளி, மலையை ஒட்டிய ஓடைக்கரையில் அவருக்கே இன்னொரு துண்டு நிலமும் ஒரு பழைய கிணறும் இருந்தன. அந்தக் கிணற்றில் மட்டும் எந்தக் கோடையிலும் கைக்கு எட்டும் உயரத்தில் தண்ணீர் நிற்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் டிரம் வைத்துக் கொண்டுவந்து, கன்றுக்கு ஒரு குடம் என்று ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசைக்கு ஊற்றி முடிப்பதற்குள் முதல் வரிசை வாடி நிற்கும். கரண்ட் கம்பம் அந்தப் பக்கம் வரவில்லை. ஆயில் இன்ஜின் வைக்கலாமா என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டார்.

நான் கிணற்றடியில் நின்றேன். மேற்கே பார்த்தேன், மலை. கிழக்கே பார்த்தேன், தோப்பு. சிரித்துவிட்டேன்.

"என்ன மேஸ்திரி சிரிக்கிறீங்க?"

"தானா எறங்கி வார தண்ணிக்கு எவனாவது எண்ணெய எரிப்பானாம்மா? மலை எங்கிட்டு இருக்கு? மேக்க. தோப்பு எங்கிட்டு இருக்கு? கெழக்க. கொழாயப் போட்டுத் தெறந்துவிட்டா தண்ணி ஓடிப்போயி உங்க கன்னு காலடியில விழும்."

"ஒரு தடவ அளந்து பாத்துக்கிடுவமே."

"அளக்கவா? நம்ம பக்கத்துல தண்ணி என்னைக்கும்மா மேக்க ஓடியிருக்கு?"

அந்த அம்மாவும் இதைக் கேட்டுத் தலையாட்டினார். எங்கள் பக்கத்தில் பிறந்த யாரும் தலையாட்டியிருப்பார்கள். மழை மலையில் பெய்கிறது, ஓடை கிழக்கே வருகிறது, கண்மாய் நிறைகிறது, வயல் விளைகிறது. மலைப் பக்கம் உயரம், எதிர்ப் பக்கம் பள்ளம். சோற்றை வாய்க்குக் கொண்டுபோகிற மாதிரி, யாரும் யோசித்துச் செய்வதில்லை.

நான் அதோடு விட்டிருக்கலாம். மம்சாபுரம் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் வாயை விட்டேன். "சித்திரை ஒண்ணாந் தேதி அந்தத் தோப்புல கொழாத் தண்ணி விழலேன்னா, நான் பொறவு பைப்பையே தொடமாட்டேன்."

இரண்டரை அங்குல பி.வி.சி. குழாய். முழங்கால் ஆழத்துக்குக் குழி. ஓடைக்கரைக் கிணற்றிலிருந்து தோப்பு வாசல் வரைக்கும் நூல் பிடித்த மாதிரி நேராகப் பதித்தேன். மோட்டார் இல்லாத லைனுக்கு, தண்ணீர் பின்னால் இறங்காமல் பிடிக்கும் ஃபுட்வால்வு எதற்கு என்று கிணற்று முனையைத் திறந்தபடியே தண்ணீருக்குள் விட்டேன். ஒன்றாம் தேதிக்கு எட்டு நாள் இருக்கும்போதே வேலை முடிந்துவிட்டது. அந்த அம்மா குழாய் வாய்க்கு மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, சூடம் காட்டினார். நான் வால்வைத் திறந்தேன்.

ஒன்றும் வரவில்லை. தண்ணீர் வருவதற்கு முன்னால் புஸ்ஸென்று காற்று வரும், அதுகூட வரவில்லை.

"காத்து அடச்சிருக்கு" என்றேன். எங்கள் தொழிலில் எது புரியாவிட்டாலும் காற்றின் மேல் போடுவோம். "தோப்புப் பக்கமிருந்து தண்ணிய ஊத்தி லைன நெறச்சா சரியாப் போவும்."

இந்த நீளக் குழாய் நிறைய பதினோரு டிரம் பிடிக்கும் என்று மனக்கணக்குப் போட்டேன். வண்டிக்காரர் கிணற்றிலிருந்து டிரம் டிரம்மாகக் கொண்டுவந்தார். என்னிடம் பதினைந்து வருஷம் வேலை பார்த்த ஃபிட்டர் குழாய் வாயில் புனல் வைத்துக் குடம் குடமாக ஊற்றினார். அந்த அம்மா பக்கத்தில் நின்று தெலுங்கில் எண்ணினார். பதினொன்று முடிந்தது. பன்னிரண்டு. பதின்மூன்று.

"அண்ணாச்சி, குடிச்சுக்கிட்டே இருக்கு" என்றார் ஃபிட்டர்.

"குடிக்கட்டும்லே. முக்காக் கிலோமீட்டர் வயிறுல்லா."

பதினாறாவது டிரம்மும் தீர்ந்தது. குழாய்க்குள் காதை வைத்தால் தண்ணீர் எங்கேயோ போகிற சத்தம் மட்டும் கேட்டது. வண்டிக்காரர் மட்டும் சந்தோஷமாக இருந்தார். "ஆயிரம் சொல்லுங்க, அது புண்ணியக் கெணறும்மா. இன்னைக்கு இம்புட்டு எடுத்தும் ஒரு விரக்கடை கொறையல" என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

அந்த அம்மா குடத்தைக் கவிழ்த்து வைத்தார். "இன்னைக்கு என் கன்னுக ஒண்ணும் தண்ணி குடிக்கல மேஸ்திரி. உங்க பைப்பு மட்டும் வயிறாரக் குடிச்சிருக்கு."

எங்கோ உடைந்து ஒழுகுகிறது என்று நினைத்துக் குழியின் ஓரமாக முழு நீளமும் நடந்தேன். ஒரு இடத்திலும் ஈரமில்லை. மறுநாளும் நடந்தேன். பதினாறு டிரம் தண்ணீர் குழாய்க்குள் போயிருக்கிறது. இந்த முனையில் வெளியே வரவில்லை. நடுவில் ஒழுகவில்லை. அப்படியானால் எங்கே? ஒன்றாம் தேதி நெருங்குகிற பயம் ஒரு பக்கம் இருந்தாலும், சாப்பிடும்போதும் சவரம் செய்யும்போதும் இந்த ஒரு கேள்விதான் அரித்தது.

மூன்றாம் நாள் காற்று வால்வு வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். நான் வழக்கமாக வாங்கும் பாய் கடையில் எப்போதும் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ரிட்டையர் ஆன அரசாங்க டிரேசர். இன்ஜினியர்கள் பென்சிலில் போடும் படங்களை மெழுகுத் துணியில் மையால் பிரதி எடுப்பது அவர் பார்த்த வேலை. நான் பாயிடம் கதையைச் சொல்ல, அவர் பேப்பரைத் தாழ்த்தினார்.

"எந்த எடம்?"

சொன்னேன்.

"ஓடைக்கரைக் கெணறா? அந்த மலையடி பூராவும் என் கையால வரைஞ்சிருக்கேன். அங்கன சின்னதா ஒரு அணை கட்டலாமான்னு ஒரு காலத்துல சர்வே எடுத்தாங்க. பொறவு வேண்டாம்னு விட்டுட்டாங்க."

"அப்ப அந்த எடத்தப் பாத்திருக்கீங்க."

"பாத்ததில்ல. வரைஞ்சிருக்கேன்."

எனக்கு இது வினோதமாக இருந்தது. பார்க்காத ஊரை எப்படி வரைவது? காற்று வால்வை அங்கேயே வைத்துவிட்டு அவர் கூடவே போனேன்.

அந்தத் துணியிலிருந்து நீலத் தாளில் அச்செடுத்து, மை சிந்திப் பாழான பிரதி ஒன்று அவர் வீட்டில் இருந்தது. எங்கே என்றால் அடுக்களை ஷெல்ஃபில், மளிகை டின்களுக்கு அடியில் விரித்த தாளாக இருந்தது. அவர் மனைவி பருப்பு டின்னையும் புளிப் பானையையும் ஒவ்வொன்றாக இறக்கி வைத்துக்கொண்டே, "இருபது வருஷமா இந்தத் தாளு இங்கன கெடக்கு, இன்னைக்குத்தான் இவுகளுக்கு ஞாபகம் வந்திருக்கு" என்றார்.

நீலத் தாள். அதில் வெள்ளைக் கோடுகள், கைரேகை மாதிரி வளைந்து வளைந்து ஒன்றுக்குள் ஒன்றாக. ஒன்றை ஒன்று வெட்டவே இல்லை. நடுவில் சுத்தமாக ஒரு வட்டம் இருந்தது.

"இதுதான் மலையா சார்?"

"அது நல்லெண்ணெய் டின்னு" என்றார் அவர் மனைவி.

டிரேசர் தாளைத் தரையில் விரித்து நான்கு மூலைக்கும் நான்கு டம்ளர் வைத்தார். ஒரு கோட்டில் விரலை ஓட்டினார். "இந்தக் கோட்டு மேல நடந்தீங்கன்னா ஏறவும் மாட்டீங்க, எறங்கவும் மாட்டீங்க. கோடு பூராவும் ஒரே உயரம். அடுத்த கோடு இதவிட அஞ்சடி ஒசரம்."

"இது வரப்பா?"

"இல்ல."

"வண்டிப் பாதையா?"

"இல்ல. அங்க போனா ஒண்ணும் இருக்காது."

"இல்லாத கோட்ட எதுக்கு சார் வரையணும்?"

அவர் தலையைச் சொறிந்தார். "வரையச் சொன்னாங்க, வரைஞ்சேன்" என்றார்.

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ பார்த்த கோடுகள். இதே வளைவு, இதே அடுக்கு. பள்ளம் உள்ளே போகும் இடத்தில் கோடும் உள்ளே போய்த் திரும்புகிறது, மேடு துருத்தும் இடத்தில் கோடும் துருத்துகிறது. திடீரென்று பிடிபட்டது. கோடையில் கண்மாய்த் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும்போது, தங்கிய ஒவ்வொரு உயரத்திலும் கரையோரமாக ஒரு தடம் விட்டுப்போகும். நுரையும் செத்தையும் ஒதுங்கி, வளையம் வளையமாகக் காய்ந்து கிடக்கும். அந்தத் தடம் எங்கே ஓடினாலும் ஒரே உயரம்தான், ஏனென்றால் அதைப் போட்டது தண்ணீர்.

"சார், இது கம்மாத் தண்ணி வத்துன தடம்!" என்று கத்திவிட்டேன். "மலை முங்குற அளவுக்குத் தண்ணிய நெறச்சி, அஞ்சடி அஞ்சடியா வத்தவிட்டா இப்படித்தான் தடம் விழும்."

அவர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "முப்பது வருஷம் வரைஞ்சேன். எனக்கு இது தோணல அண்ணாச்சி" என்றார். நான் அடக்கமாக இருந்தேன் என்று சொன்னால் பொய். அவர் மனைவியைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லிக் காட்டினேன்.

அதன் பிறகு அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. கண்மாய்த் தடம் எங்கே நெருங்கி விழும்? கரை செங்குத்தாக இருக்கும் இடத்தில். எங்கே அகன்று விழும்? மாடு இறங்கும் சரிவில். அப்படியே படித்துக்கொண்டு போனேன். மேற்கே கோடுகள் நெல்லுத் தாளை அடுக்கிய மாதிரி நெருக்கம், அது மலை. கிழக்கே விரல் போகும் இடைவெளி, அது புஞ்சைக் காடு. கோடுகள் வரிசையாக ஒரே இடத்தில் கொக்கி போட்டு வளைந்தால், அது ஓடை. ஓடை மலையிலிருந்து இறங்கி நேராகக் கிழக்கே வரவில்லை. மலையை ஒட்டியே வடக்குப் பார்த்துக் கொஞ்ச தூரம் ஓடி, பிறகுதான் திரும்புகிறது. அந்த ஓரத்தில் ஒரு சிறு வட்டம். கிணறு.

கோடுகளின் மேல் எண்கள் எழுதியிருந்தன. எண் எனக்குப் படிக்க வரும். கிணறு இருந்தது அறுநூற்று ஐந்துக்கும் அறுநூற்றுப் பத்துக்கும் நடுவில். விரலைக் கிழக்கே நகர்த்தினேன். தோப்புக்குள் நுழைந்ததும் வந்த எண் அறுநூற்றுப் பதினைந்து. தோப்பின் தெற்கு மூலையில் அறுநூற்று இருபது.

"நம்பர் மாத்தி விழுந்திருக்கு சார்."

"நம்பர் மாறாது. இந்தப் படத்துல தப்புன்னா ஒரே ஒரு எடந்தான்." அறுநூற்றுப் பதினைந்து கோட்டில், தோப்புக்கு உள்ளே வந்த பகுதியில், ஒரு சின்ன வளைவைக் காட்டினார். நேராக வந்த கோடு கொஞ்சம் உள்ளே மடங்கி மறுபடி வெளியே வந்திருந்தது. "அன்னைக்கு ஜலதோஷம். இந்த எடத்துல வரும்போது தும்மிட்டேன், கை இழுத்திருச்சு. மாத்தி வரைய நேரமில்ல. ஆபீசரும் கவனிக்கல. இத விட்டுட்டு மத்ததப் பாருங்க."

தாளைச் சுருட்டி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அடுக்களைக்குப் புதுத் தாள் வாங்கித் தருவதாக அவர் மனைவியிடம் ஒத்துக்கொண்டேன்.

எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. மறுநாள் காலையில் கொல்லைப்புறத்தில், இரும்புச் சாந்துச் சட்டி ஒன்றில் சிமெண்டுக் கலவையைக் குழைத்து ஒரு மலை செய்தேன். அதற்குப் பக்கத்தில், தள்ளி, தாழ்வாக அகலமாக ஒரு மேடு. இறுகியதும் ஒரு விரல்கடை தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் தொட்ட இடம் பூராவும் ஆணியால் கீறினேன். இன்னொரு விரல்கடை. இன்னொரு கீறல்.

என் மனைவி வந்து பார்த்தாள். "சோத்துக்கு வாரீகளா, இல்ல அந்தச் சட்டியவே திங்கப் போறீகளா?"

"செத்த இரு. மலை நனையுது."

மூன்றாவது விரல்கடை ஊற்றியபோதுதான் பார்த்தேன். தண்ணீர் மேட்டின் இந்தப் பக்கத்தோடு நிற்கவில்லை. மேட்டுக்குப் பின்னால், மலையின் காலடியில், எனக்கே தெரியாமல் நான் விட்டிருந்த பள்ளத்திலும் போய் நின்றது. மேட்டின் நெற்றி மட்டும் தீவு மாதிரி வெளியே தெரிந்தது. மலைக்குப் பக்கத்தில் இருந்தது பள்ளம். மலைக்குத் தூரத்தில் இருந்தது மேடு. சட்டிக்குமேல் குனிந்து நேர் கீழாகப் பார்த்தேன். என் ஆணிக் கீறல்கள் அந்த நீலத் தாளாகவே தெரிந்தன. 

அடுத்த நாள் டிரேசரையும் ஃபிட்டரையும் கூட்டிக்கொண்டு தோப்புக்குப் போனேன். கையில் டியூப் மட்டம். தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி போல உள்ளே தெரியும் அறுபதடி பிளாஸ்டிக் டியூப்தான் அது. இரண்டு முனையையும் இரண்டு கம்பில் கட்டி நிறுத்தினால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். தரை எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று கம்பில் அளந்து சொல்லிவிடலாம். கொத்தனார்கள் அஸ்திவாரத்துக்கு வைப்பது. காட்டை அளக்க யாரும் அதைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. கிணற்றிலிருந்து தோப்பு வாசல் வரை நாற்பத்து மூன்று தடவை வைத்து எடுத்தோம். டிரேசர் ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் நோட்டுமாக எழுதிக்கொண்டே வந்தார். தான் வரைந்த ஓடையைத் தாண்டும்போது நின்று, "இம்புட்டு அகலமாவா இருக்கு?" என்றார்.

கூட்டிப் பார்த்தார். குழாய் வாய், கிணற்றுத் தண்ணீரைவிட ஏழே முக்கால் அடி மேலே இருந்தது.

"படத்துல எம்புட்டு?" என்று கேட்டேன்.

"ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல."

நான் தோப்பு வாசலில் நின்று மேற்கே பார்த்தேன். என் கண்ணுக்கு அப்போதும் கிணற்றுப் பக்கம் ஏற்றமாகத்தான் தெரிந்தது. குந்தி உட்கார்ந்து பார்த்தேன், ஏற்றம். ஃபிட்டர் தலைகீழாகக் குனிந்து கால்களுக்கு நடுவே பார்த்தார். "ஏத்தந்தான் அண்ணாச்சி" என்றார். கடைசியில் எனக்கு ஒன்று தோன்றியது. தோள் துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து, மலையை மறைத்தேன். துண்டுக்குக் கீழே தரை மட்டும் தெரிந்தது.

தரை என் கண் முன்னாலேயே திரும்பியது. கிணற்றுப் பக்கம் மெதுவாகச் சரிந்து இறங்கியது. துண்டை எடுத்தேன், ஏற்றம். பிடித்தேன், இறக்கம். அத்தனை வருஷமாக நான் தரையைப் பார்க்கவே இல்லை. மலையைப் பார்த்துவிட்டுத் தரையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாங்கள் மூன்று பேரும் துண்டை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தோம்.

அப்போதுதான் வண்டிக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. கிணறு குறையவே இல்லை என்றாரே. குழாயை நிறைக்கப் போன பதினோரு டிரம் போக, மிச்சம் ஊற்றிய ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு குடம் அந்த முனையில் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறது. நானும் வால்வைத் திறந்தே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன், மிச்சமும் போயிருக்கும். கிணற்றில் எடுத்து, வண்டியில் ஏற்றி, முக்கால் கிலோமீட்டர் கொண்டுவந்து, குழாய் வழியாகக் கிணற்றுக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறோம். தண்ணீர் மேற்கே ஓடாது என்று சொன்னவன் நான். ஓட வைத்தவனும் நான்தான்.

அந்த அம்மா கன்றுகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, கிணற்றுக்குத் திருப்பி ஊற்றியதைக்கூடச் சொன்னேன். அவர் முதலில் வண்டிக்காரரைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார். வண்டிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"டீக்கடையில ஏதோ சொன்னீங்களாமே. பைப்பத் தொடமாட்டேன்னு."

"ஒண்ணாந் தேதிக்கு இன்னும் மூணு நாள் கெடக்கும்மா."

"என் கன்னுகளுக்கு மூணு நாள் இல்ல மேஸ்திரி." ஒரு கன்றின் தளிரைப் பிடித்துக் காட்டினார். நுனி கருகியிருந்தது. "சாவுறதுன்னா சொல்லிருங்க. இருக்கறதுல பாதிக்காவது வண்டித் தண்ணிய ஒழுங்கா ஊத்திக்கிடுவேன்."

நான் நீலத் தாளை விரித்து, கிணறு இருந்த நிலத்தின் தெற்கு முனையைக் காட்டினேன். ஓடை அங்கே அறுநூற்று இருபதாம் கோட்டுக்கும் மேலே இருக்கிறது. அந்த இடத்தில் பாறை இடுக்கில் ஓர் ஊற்று கசிவது எல்லோருக்கும் தெரியும். ஆடு மேய்ப்பவர்கள் வாய் வைத்துக் குடிப்பார்கள். சுண்டுவிரல் கனம்தான் வரும். அதனால் யாரும் மதித்ததில்லை. என் கண்ணும் அது கிணற்று மட்டம் என்றுதான் சொல்லியிருந்தது. ஆனால் இரவும் பகலும் நிற்காமல் வருகிற தண்ணீர், தோப்பில் ஒரு தொட்டி கட்டிச் சேர்த்தால் போதும்.

"இந்தத் தண்ணி தோப்புக்கு வரும். ஆனா தோப்பு பூராவும் வராதும்மா. கொழா ஓடி வாரதுல கொஞ்சம் உயரம் செலவாகும். இந்தா, இந்தக் கோடு வரைக்கும்தான்." அறுநூற்றுப் பதினைந்தைக் காட்டினேன். "இதுக்கு மேல இருக்க நாப்பது கன்னுக்கு ஏறாது."

"அளந்துதான சொல்றீங்க?"

"அளந்துதாம்மா சொல்றேன்."

பதித்த குழாயை நானே பிடுங்கினேன். புதைக்க நேரமில்லை, தரையிலேயே போட்டோம். முன்பு போல நூல் பிடித்து நேராக இல்லை. ஊற்றிலிருந்து கிளம்பி, பள்ளத்தில் விழாமல், மேட்டில் முட்டாமல், கோட்டோடு கோடாக ஓணான் போகிற மாதிரி வளைத்துக்கொண்டு போனோம். ஐம்பதடிக்கு ஒரு தரம் டியூப் மட்டம் வைத்தேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். "அண்ணாச்சி கொழாயக் கோலம் போடுதாரு" என்றார்கள். தாளைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவன் நான் என்பதால் எனக்கு யார் சிரித்ததும் கேட்கவில்லை. நான் தேடியதெல்லாம் தரையில் இல்லாத ஒரு கோடு.

சித்திரை ஒன்றாம் தேதி தண்ணீர் வரவில்லை. ஒரு மூட்டு விட்டுவிட்டது. இரண்டாம் தேதி காலை, முதலில் புஸ்ஸென்று காற்று, பிறகு செம்மண் கலந்து, பிறகு தெளிந்து, சுண்டுவிரல் கனத்தில் விழுந்தது. அந்த அம்மா கையில் ஏந்தி முகத்தைக் கழுவினார்.  முதல் கன்றின் பாத்தியை வெட்டிவிடப் போய்விட்டார். டீக்கடைக்காரர் ரொம்ப நாள், "பைப்பத் தொடலாமா அண்ணாச்சி, ஒருநா பிந்திருச்சே" என்று கேட்டுக்கொண்டே டீ கொடுத்தார். ஒன்றாம் தேதியே விழுந்தது என்று வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம் பக்கமெல்லாம் பத்து வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இங்கே உண்மையை எழுதிவிட்டேன்.

கோட்டுக்குக் கீழே இருந்த கன்றுகள் பிழைத்தன. மேலே இருந்த நாற்பதுக்கு அந்த அம்மா அந்தக் கோடை முழுக்கக் குடத்தில் ஊற்றிப் பார்த்தார். முக்கால்வாசி போய்விட்டன. மறு மழைக்கு அந்த இடத்தில் தண்ணீர் கேட்காத நெல்லி வைத்துவிட்டார். ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தியது. டிரேசர் தப்பு என்று சொன்ன வளைவை நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்த இடத்தில் கோடு நேராகப் போவதாக வைத்துத்தான் நாற்பது சொன்னேன். ஆனால் வாய்க்கால் வெட்டிவிட்டபோது, தண்ணீர் ஒரு இடத்தில் என்னைக் கேட்காமலே உள்ளே திரும்பி, வராது என்று சொன்ன ஒன்பது கன்றுகளின் காலடிக்குப் போய் நின்றது. அந்த வளைவு தாளிலேயே இருந்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. தானாக வந்த நல்ல பெயரை எதற்கு விட வேண்டும்?

அதற்குப் பிறகு நான் படம் பார்க்காமல் மலையடியில் ஒரு குழியும் வெட்டியதில்லை. எங்கே பழைய சர்வே தாள் கிடைத்தாலும் வாங்கினேன். பெரிய படிப்புப் படித்தவர்கள் கோடுகளைத் தப்பாகப் படித்தபோது திருத்தியிருக்கிறேன். ஒரு தாளை விரித்தால் முதலில் அதில் தண்ணீரை நிறைப்பேன், பிறகு வற்ற விடுவேன். அவ்வளவுதான் என் வித்தை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் ஊற்றில் வைத்த வலை அடைத்துக்கொண்டது என்று அந்த அம்மா ஆள் அனுப்பினார். டிரேசரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு வயதாகிவிட்டது. ஊற்றுக்கு மேலே உள்ள பாறையில் கைபிடித்து ஏற்றி உட்கார வைத்தேன். நான் வலையைச் சுத்தம் செய்து நிமிர்ந்தபோது அவர் கிழக்கே பார்த்தபடி அசையாமல் இருந்தார்.

கீழே தோப்பு முழுசாகத் தெரிந்தது. மாமரங்கள் கரும்பச்சையாக அடர்ந்து நின்றன. அதற்கு மேல் நெல்லி, வெளிறிய பச்சை. இரண்டும் சேரும் ஓரம் தோப்பின் குறுக்கே வளைந்து ஒரே கோடாக ஓடியது. யாரும் கயிறு கட்டி நட்டதில்லை. தண்ணீர் எதுவரைக்கும் ஏறியதோ அதுவரைக்கும் மா. அறுநூற்றுப் பதினைந்து.

"முப்பது வருஷத்துல எத்தன ஆயிரம் கோடு போட்டிருப்பேன்" என்றார். "ஒண்ணக்கூடக் கண்ணால பாத்ததில்ல அண்ணாச்சி."

பிறகு கையை நீட்டினார். "அங்கன என்ன, மாமரம் நெல்லிக்குள்ள பூந்து வளஞ்சிருக்கு?"

"அதுவா? அது நீங்க தும்முன எடம் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். ஒன்பது மரம். காய்த்துக் கிடந்தன.

"அப்ப நான் தும்மலயா?"

"தும்மியிருப்பீங்க. கை சரியாத்தான் போயிருக்கு."